நெல்வயலில் பழகிய கோல்ஃப் ஹைப்ரிட்: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கோல்ஃபில் அயன் (மெல்லிய இரும்புத் தலை மட்டை), வுட் (பருத்த தலை மட்டை) இரண்டின் குணமும் கலந்த ஹைப்ரிட் மட்டையை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர், அது அடிப்பதற்கு எளிது என்று கேள்விப்பட்டுத்தான் வாங்குகிறார்கள். சில ஆண்டுகளாக அதையே நம்பி ஆடிவருகிறவன் என்ற முறையில், அந்தச் சொல் பாதிதான் சரி என்பேன். பந்தை உயர எழுப்பும் வேலையை ஹைப்ரிட் தானே பார்த்துக்கொள்ளும். தரையைத் தொடுவதற்கு முன் பந்தைத் தொடும் வேலையை நாம்தான் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது வேலையைப் பழகிக்கொள்ளாதவரை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது பையில் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும்.

என் பையில் இப்போது லாஃப்ட் (பந்தைத் தொடும் மட்டை முகத்தின் சாய்வு) 22 டிகிரி உள்ள ஹைப்ரிட் ஒன்றும் 25 டிகிரி ஹைப்ரிட் ஒன்றும் இருக்கின்றன. இடையில் 19 டிகிரி ஒன்று வந்து போனது. சேரன்மகாதேவிப் பக்கம் குடியிருந்துகொண்டு கோல்ஃப் ஆடுகிறவனுக்கு ஆட்டத்தைவிடப் பயிற்சியே அதிகம் வாய்க்கும். ஆடுவதற்கு ஆரல்வாய்மொழி வழியாகத் திருவனந்தபுரம் போய் அங்குள்ள 9 குழி மைதானத்தில் ஆட வேண்டும். நாலு நாள் விடுப்புச் சேர்ந்தாற்போல் கிடைத்தால் கொடைக்கானலில் 1895-இல் தொடங்கப்பட்ட கிளப்பின் 18 குழி மைதானத்துக்குப் போகலாம். மற்ற நாட்களில் மொட்டை மாடியில் கட்டிய வலையும், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் அறுவடை முடிந்து கிடக்கும் வயலும்தான் கதி. ஆகவே இங்கே எழுதுவது, பச்சைப் புல்தரையில் தினமும் அடிக்க வாய்ப்புள்ளவரின் அனுபவத்திலிருந்து சற்று வேறுபட்டிருக்கும். கடினத் தரையில் பழகியதால்தான் இந்த மட்டையின் குணம் எனக்குத் தெளிவாகப் பிடிபட்டது என்றும் நினைக்கிறேன்.

மட்டையின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அயனைவிடப் பருத்த, உள்ளே குடைவான தலை, எடையின் பெரும்பகுதி தாழ்வாகவும் முகத்திலிருந்து பின்தள்ளியும் வைக்கப்பட்டிருக்கும், அடிப்பாகம் அகலம், தண்டு, தரையிலிருந்து அடிக்கும் ஃபேர்வே வுட்டைவிடக் குட்டை, அதே எண்ணுள்ள அயனைவிடச் சற்று நீளம். எடை தாழ்வாகவும் பின்னாலும் இருப்பதால், அதே லாஃப்ட் உள்ள அயனைவிடப் பந்து உயர எழும்பி, கிரீனில் (குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரையில்) செங்குத்தாக இறங்கும். மையத்தை விட்டுச் சற்று விலகிப் பட்டாலும் தொலைவு அவ்வளவாகக் குறையாது. விதிப்படி பையில் 14 மட்டைகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால், ஒரு ஹைப்ரிட் உள்ளே வந்தால் பெரும்பாலும் ஒரு நீள அயன் (எண்ணும் லாஃப்ட்டும் குறைந்தது) வெளியே போகும்.

எந்த அயன் வெளியே போக வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மட்டையின் அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து, நாலாம் எண் அயனுக்குப் பதில் நாலாம் எண் ஹைப்ரிட் என்று கணக்குப் போட்டால் அது பொருந்திவரும் என்று உறுதியில்லை. இப்போது வரும் அயன்களில் லாஃப்ட்டைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஐந்தாம் எண் அயனே 23, 24 டிகிரியில் வருகிறது. நாலாம் எண் ஹைப்ரிட்டோ 21 முதல் 23 டிகிரிக்குள் இருக்கும். தண்டும் நீளம் என்பதால், இரண்டுக்கும் இடையே எதிர்பார்த்ததைவிடப் பெரிய இடைவெளியோ, சில தயாரிப்புகளில் இடைவெளியே இல்லாத நிலையோ உண்டாகும். எண்ணை மறந்துவிட்டு, லாஃப்ட் டிகிரியை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்து, மட்டைக்கு மட்டை 3 அல்லது 4 டிகிரி இடைவெளி வரும்படி தேர்ந்தெடுப்பதே நல்லது. என்னுடைய 19 டிகிரி ஹைப்ரிட்டை விற்றதற்குக் காரணம் வேறு. லாஃப்ட் குறையக் குறைய, பந்தை மேலே எழுப்புவதற்குச் சுழற்றும் வேகம் கூடுதலாகத் தேவைப்படும். என் வேகத்தில் 19 டிகிரியில் அடித்த பந்தும் 22 டிகிரியில் அடித்த பந்தும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் போய் விழுந்தன. நடுத்தர வேகமுள்ளவர் முதலில் 22 டிகிரி ஒன்றை மட்டும் வாங்கி, அது கைக்குள் வந்தபின் மேலேயோ கீழேயோ போகலாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஹைப்ரிட்டின் தலை பார்வைக்கு வுட்டைப் போலிருப்பதால், நம்மை அறியாமலே வுட்டைப் போலத் தரையோடு பெருக்கி அடிக்கத் தோன்றும். இன்னும் சிலருக்குப் பந்தை அடியிலிருந்து கிளப்பிவிடத் தோன்றும். இரண்டுமே ஆகாது. ஹைப்ரிட்டை அயனைப் போலவே, சற்றுக் கீழ்நோக்கி வரும் வீச்சில் அடிக்க வேண்டும். பந்து நிற்க வேண்டிய இடம் காலடிகளின் நடுவிலிருந்து ஒன்று அல்லது ஒன்றரைப் பந்து அகலம் இடது காலை நோக்கி. வுட்டுக்கு வைப்பதுபோல் இடது குதிகாலுக்கு நேரே கொண்டுபோய்விடக் கூடாது. அடிக்கும் கணத்தில் உடல் எடை இடது காலுக்கு வந்திருக்க வேண்டும், கைகள் மட்டைத் தலைக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். (வலக்கைக்காரரை வைத்துச் சொல்கிறேன், இடக்கைக்காரர் மாற்றிக்கொள்ளலாம்.)

இதைச் சொல்வது சுலபம். செய்கிறோமா இல்லையா என்பதை வயல் தரைதான் காட்டிக்கொடுக்கும். புல்தரையில் பந்துக்கு இரண்டு அங்குலம் முன்பே மட்டை தரையைத் தொட்டாலும், அகலமான அடிப்பாகம் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை ஓரளவு தள்ளிவிடும். அடித்தவரும் நன்றாகத்தான் அடித்தோம் என்று நினைத்துக்கொள்வார். பங்குனியில் பிசான (பின்பருவ நெல்) அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் வயலில் அந்தச் சலுகை கிடையாது. அதே அகலமான அடிப்பாகம் கட்டித் தரையில் மோதி எகிறி, பந்தின் இடுப்பில் வெட்டும். பந்து முழங்கால் உயரத்தில் சீறிக்கொண்டு போகும். மணிக்கட்டு வரை அதிரும். இந்த மட்டையின் பெரிய பலமும் பெரிய பலவீனமும் அந்த அகலமான அடிப்பாகம்தான்.

கார் (முன்பருவ நெல்) அறுவடை முடிந்த புரட்டாசி, ஐப்பசி வயல் வேறு விதம். ஈரம் காயாத மண்ணில் மட்டை பட்ட தடம் அப்படியே பதிந்து நிற்கும். அப்போது நான் கைக்கொண்ட பயிற்சி, வீட்டிலிருந்து ஒரு டப்பா கோலமாவு கொண்டுபோய், நெல்தாளை ஒதுக்கிய இடத்தில் இலக்குத் திசைக்குக் குறுக்கே நேர்கோடு ஒன்று இழுத்துவிட்டு, பந்தில்லாமல் அந்தக் கோட்டின்மேல் நின்று வீசிப் பார்ப்பது. மண்ணில் விழும் வெட்டு, கோட்டில் தொடங்கி இலக்குப் பக்கம் நீண்டிருந்தால் வீச்சு சரி. கோட்டுக்கு இந்தப் பக்கமே மண் பெயர்ந்திருந்தால், எடை வலது காலிலேயே தங்கிவிட்டது என்று பொருள். வெட்டு ஆழமாக இருக்கத் தேவையில்லை. ஹைப்ரிட்டுக்குத் தோசைக் கனத்தில் மண் சீவினாலே போதும், அயனைப் போல் அப்பம் பெயர்க்க வேண்டியதில்லை. தொடர்ந்து பல வீச்சுகள் கோட்டுக்கு அந்தப் பக்கமே விழுகிறபோது பந்தை அந்தக் கோட்டின்மேல் வைத்து அடிக்கத் தொடங்கலாம். வயலுக்குச் சொந்தக்காரர் ஒருநாள் வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அண்ணாச்சி, பந்தை அடிக்கியளா, இல்ல மண்ணை வெட்டுதியளா?” என்று கேட்டார். “ரெண்டுந்தான் அண்ணாச்சி. பந்து மொதல்ல, மண்ணு பொறவு” என்றேன். வகுப்பெடுத்துச் சொல்வதானாலும் இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டுக்கிடை போட்டிருக்கும் வாரங்களில் மட்டும் வயல் நமக்கில்லை என்பதையும், பக்கத்து வயலில் ஆளிருந்தால் பந்தைத் தொடவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மொட்டை மாடி வலையில் பந்து போகும் திசையும் தெரியாது, உயரமும் தெரியாது. ஆனால் மட்டை முகத்தில் பந்து எங்கே படுகிறது என்பதை அங்கேதான் நிதானமாகப் பார்க்க முடியும். முகத்தில் லேசாகப் பவுடரைத் தட்டிவிட்டு அடித்தால் பந்தின் குழிகள் வட்டமாகப் பதிந்துவிடும். என் மட்டையில் அந்த வட்டம் தொடக்கத்தில் தண்டுக்கு நெருக்கமான பக்கத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. ஹைப்ரிட்டின் தண்டு அயனுடையதைவிட நீளமாக இருந்தும், அயனுக்கு நிற்கும் தொலைவிலேயே நின்றதுதான் காரணம். அரை அடி எடுத்துவைக்கத் தேவையில்லை, ஓர் அங்குலம் விலகி நின்றதுமே வட்டம் நடுவுக்கு வந்தது. பலகையின்மேல் விரித்த பாயில் வைத்து அடிப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. பாயும் புல்லைப் போலவே முந்தித் தொட்ட மட்டையை வழுக்கிக்கொண்டு போகவிடும்.

அடுத்து, ஹைப்ரிட்டின்மேல் எல்லாரும் சொல்லும் குறையான இடப்பக்க வளைவு. பந்து நேராகக் கிளம்பி, கடைசியில் இடது பக்கம் திரும்பிப் போய்ப் புதரில் விழுவது பலருக்கும் அனுபவம். இதில் ஆடுகிறவரின் பங்கு ஒன்று உண்டென்றால் மட்டையின் பங்கும் உண்டு. புதிதாக ஆடுகிறவர்களுக்கென்று செய்யப்படும் ஹைப்ரிட்களில் முகம் தண்டிலிருந்து பின்வாங்கியிருக்கும், தலையும் நிமிர்ந்த கோணத்தில் பொருத்தப்பட்டிருக்கும். வலப்பக்கம் வளைத்து அடிப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு நன்மை, மற்றவர்களுக்குத் தொல்லை. கழுத்துப் பகுதியில் திருகி லாஃப்ட்டை மாற்றக்கூடிய மட்டையில், லாஃப்ட்டைக் கூட்டினால் முகம் சற்று மூடிக்கொள்ளும் (இடப்பக்கம் திரும்பும்), குறைத்தால் திறந்துகொள்ளும். பந்தை இன்னும் உயர எழுப்பலாமென்று ஒரு டிகிரி கூட்டியவர், பந்து இடப்பக்கம் ஓடுவதைக் கண்டு தன் வீச்சைக் குறைசொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தண்டின் எடையும் கவனிக்க வேண்டியது. அயன்களில் 100 கிராமுக்கு மேற்பட்ட எஃகுத் தண்டை வைத்திருப்பவர், ஹைப்ரிட்டில் 60 கிராம் கிராஃபைட் தண்டைப் போட்டுக்கொண்டால் கை முந்திக்கொண்டு முகத்தை மூடிவிடும். 80 கிராமை ஒட்டிய தண்டுக்கு மாறியதும் எனக்கு அந்த வளைவு பெருமளவு அடங்கியது.

நெடும்புல்லில் ஹைப்ரிட் அயனைவிட நல்லது என்பது உண்மைதான். அயனின் மெல்லிய தலையையும் கழுத்தையும் புல் சுற்றிப் பிடித்து முகத்தைத் திருப்பிவிடும். ஹைப்ரிட்டின் தலை புல்லை விலக்கிக்கொண்டு போகும். கொடைக்கானலில் ஈரப்புல்லில் இதை நன்றாக உணரலாம். ஆனால் பந்தின் மேற்பாதியாவது கண்ணுக்குத் தெரிந்தால்தான் ஹைப்ரிட்டை எடுப்பது என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டிருக்கிறேன். பந்து முழுக்கப் புதைந்துவிட்டால் வெட்ஜை (லாஃப்ட் மிகுந்த குறுந்தொலைவு மட்டையை) எடுத்து வெளியே போட்டுவிட்டு அடுத்த அடியைப் பார்ப்பதே லாபம். கொடைக்கானலின் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்து கூடுதல் தொலைவு பறக்கும். அங்கே அடித்த தொலைவை மனத்தில் வைத்துக்கொண்டு திருவனந்தபுரத்தில் மட்டையைத் தேர்ந்தெடுத்தால் பந்து கிரீனுக்கு எட்டாது.

இந்த மட்டையால் என்ன முடியும் என்பதற்கு 2009 பிஜிஏ சாம்பியன்ஷிப்பைச் சொல்வது வழக்கம். ஹேசல்டைன் மைதானத்தின் கடைசிக் குழியில், 200 யார்டுக்கு மேற்பட்ட தொலைவிலிருந்து தென்கொரியாவின் ஒய்.இ. யாங் ஹைப்ரிட்டால் அடித்த பந்து குழிக்கு அருகே போய் நின்றது. டைகர் உட்ஸ் தோற்றார். எனக்கோ 2004 பிரிட்டிஷ் ஓப்பன்தான் அதிகம் பயன்பட்ட பாடம். ராயல் ட்ரூனில் எர்னி எல்ஸுடன் சமநிலையை முறிக்க நடந்த பிளேஆஃபின் கடைசிக் குழியில், டாட் ஹாமில்டன் கிரீனுக்கு வெளியிலிருந்து ஹைப்ரிட்டால் பந்தைத் தரையோடு உருட்டிக் குழியருகே நிறுத்திப் பட்டத்தை வென்றார். நம் பக்கத்துக் கட்டித் தரைக்கு இதைவிடப் பொருத்தமான அடி கிடையாது. வெட்ஜின் கூர்முனை தரையில் மாட்டிக்கொள்ளும் இடத்தில், ஹைப்ரிட்டைக் குட்டையாகப் பிடித்து, பட்டர் (கிரீனில் பந்தை உருட்டும் மட்டை) பிடிப்பதுபோல் பிடித்துத் தட்டினால் பந்து சிறு துள்ளலோடு உருண்டோடும். ஓட்டம் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக இருக்கும். அதற்கேற்பத் தட்டலைக் குறைத்துப் பழக வேண்டும்.

காற்றில் இந்த மட்டை எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று (மேற்குக் காற்று) கயத்தாறுக் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் வேகத்தில் வீசும்போது, உயர எழுந்த ஹைப்ரிட் பந்து நூலறாத பட்டம்போல் ஓரிடத்தில் நின்று, பிறகு நேராகக் கீழே விழும். எதிர்காற்றில் பலமாக அடித்தால் பின்சுழற்சி கூடி இன்னும் மேலேதான் போகும். பந்தை ஒரு பந்தகலம் பின்னால் வைத்து, பிடியைக் குறைத்து, முக்கால் வீச்சில் அடிப்பது ஓரளவு உதவுகிறது. என்றாலும் ஆடி முடியும் வரை 25 டிகிரி ஹைப்ரிட்டை வீட்டில் வைத்துவிட்டு ஐந்தாம் எண் அயனையே எடுத்துப்போகிறேன். தாழ்வாக ஓடும் பந்துக்கு அயனே தேவலை.

தேய்மானத்தைப் பற்றி. செம்மண்ணும் பருமணலும் அடிப்பாகத்தைக் கீறிவிட்டன, ஆட்டத்துக்கு அதனால் பாதகமில்லை. முகத்தின் வரிகளில் களிமண் இறுகிவிட்டால் பந்துக்குச் சுழற்சி கிடைக்காது. வயலைவிட்டு ஏறுமுன் ஈரத்தோடேயே ஓர் ஈர்க்குச்சியால் நோண்டிவிடுவேன். கத்திரி வெயிலில் காருக்குள் கிடந்தால் ரப்பர் கிரிப் இறுகி வழுக்கத் தொடங்கும், வியர்த்த கைக்கு அது ஆபத்து. ஆண்டுக்கொருமுறை கிரிப்பை மாற்றுவது புது மட்டை வாங்குவதைவிட மலிவு. பழைய ஹைப்ரிட் வாங்குகிறவர்கள் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து உள்ளே எதுவும் உருள்கிறதா என்று கேட்க வேண்டும். தண்டு தலையில் நுழையுமிடத்தில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். லாஃப்ட் எத்தனை டிகிரி என்று விற்பவரிடம் கேட்டபின்தான் விலை பேச வேண்டும்.