அம்பாசடர் மட்கார்டு தேடி அலைந்தேன்

அப்பாவின் 1978 அம்பாசடர் மன்னார்குடி வீட்டில் வைக்கோல்போருக்குப் பக்கத்தில் பத்து வருஷம் நின்றது. ஐப்பசி அடைமழையில் ஓதம் ஏறி, முன் மட்கார்டு இரண்டும் அப்பளமாக நொறுங்கிவிட்டன. மேற்கு வங்காளத்து உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் தயாரிப்பு நின்றது 2014-இல். ஒரிஜினலுக்கு எங்கே போவது?

திருச்சியில் ஒரு கடையில் "கம்பெனி மால்" என்று தந்தார்கள். கட்டைவிரலால் அழுத்தினாலே டொக்கென்று உள்ளே போனது. போல்ட் ஓட்டை வேறு அரை இஞ்ச் தள்ளி. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவே இல்லை.

அப்புறம்தான் கும்பகோணத்தில் பழைய வண்டி உடைக்கும் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த பாய் மட்கார்டோடு ஒரு காந்தத்தையும் கையில் கொடுத்தார். "ஒட்டிப் பாருங்க தம்பி, பள்ளத்தை மறைக்க பட்டி பூசியிருந்தா நிக்காது." இடது பக்கம், லைட்டுக்குக் கீழே காந்தம் நழுவி விழுந்தது. அவரே சிரித்துக்கொண்டு ஐந்நூறு குறைத்தார். "ஃப்ளோர் தகடு மட்டும் வாங்காதீங்க, தகடு வேலை செய்யற டிங்கர்கிட்ட 20 கேஜ் கனத்துல அடிச்சுக்குங்க" என்றும் சொன்னார். தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்ளும் மனுஷன்!

பில் கிடையாது, ரொக்கம்தான். போல்ட் எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது. வலது கதவு இடுக்கில் இன்னும் சுண்டுவிரல் நுழைகிறது. அதற்கு என் டிங்கர்தான் பதில் சொல்ல வேண்டும்.