மூக்குச் சீரமைப்பு அறுவை: ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு ஓர் அளவு

மூக்குத் தண்டு: ஆணுக்கு நேர்கோடு. பெண்ணுக்கு அதிலிருந்து 1–2 மி.மீ. உள்வாங்கலாம்.

மூக்கின் அடிப்பக்கத்துக்கும் மேலுதட்டுக்கும் இடையிலான கோணம்: ஆணுக்கு ஏறக்குறைய 90–95 பாகை, பெண்ணுக்கு 95–110.

தோல்: ஆண்களுக்குப் பெரும்பாலும் தடிமன். இங்கேதான் சிக்கல். உள்ளே குருத்தெலும்பை எவ்வளவு செதுக்கினாலும் தடித்த தோல் அதற்கேற்பச் சுருங்காது, நுனி உருண்டுவிடும். வெட்டிக் குறைப்பதைவிட, இரு மூக்குத் துளைகளையும் பிரிக்கும் நடுச்சுவரிலிருந்து எடுத்த குருத்தெலும்பால் நுனிக்கு முட்டுக் கொடுப்பதே மேல். நுனி வீக்கம் வடிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். மெல்லிய தோலிலோ சிறு மேடுபள்ளமும் வெளியே தெரியும்.

திமில் (தண்டின் மேலுள்ள புடைப்பு): ஆணுக்கு முழுக்கச் சீவினால் முகம் பெண்மை காட்டும், கொஞ்சம் விட்டுவைக்கலாம். யாருக்கானாலும் அளவுமீறிக் குறைத்தால் நடுப்பகுதி ஒடுங்கி மூச்சடைக்கும்.

தடித்த தோலுள்ள பெண்ணுக்கும் முட்டு முறையே பொருந்தும்.