ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை சென்டரில் வாங்கப் போகிறீர்களா? மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நான்கு பேர் கொண்ட டீம். தலைக்கு 3,000 வீதம் மொத்தம் 12,000 ரூபாய். தலைப்பு, எல்லாரும் கேள்விப்பட்டதுதான்: ஐஓடி, அதாவது இணையத்தோடு இணைந்த சென்சார்கள் மூலம் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சுவது. ப்ராஜெக்ட் சென்டரின் மேஜையில் டெமோ அருமையாக ஓடியது. மண்ணில் சென்சாரைக் குத்தினால் பம்ப் நின்றது, எடுத்தால் ஓடியது, எல்சிடியில் வெப்பநிலை வந்தது. மீதிப் பணத்தைக் கொடுத்துப் பெட்டியை வாங்கி வந்தாயிற்று. மூன்றாவது ரிவ்யூவில் ஐந்தாவது நிமிடம் எல்சிடி அணைந்தது. சென்டருக்கு போன் போட்டால், "உங்க காலேஜ்ல கரன்ட் சரியில்ல தம்பி" என்று பதில்.

கரன்ட் சரியாகத்தான் இருந்தது. அந்தப் பெட்டிக்குள் இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஏன் அணைந்தது என்பது தெரியும். சென்டர் பெயர் மாறும், ஊர் மாறும், பெட்டி மட்டும் பெரும்பாலும் இதேதான்.

முதலில் பவர் சப்ளை. ஒரு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டயோடு, ஒரு 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், வோல்டேஜை 5-க்குக் குறைத்துத் தரும் 7805 சிப் ஒன்று. ரிப்போர்ட்டின் பிளாக் டயகிராமில் "12 வோல்ட் டிசி" என்று போட்டிருக்கும். 12 வோல்ட் ஏசியை பிரிட்ஜில் விட்டு கெபாசிட்டரில் நிரப்பினால் வருவது ஏறக்குறைய 15.5 வோல்ட். அதை 5 ஆக்க 7805 பத்தரை வோல்ட்டைத் தன் தலையில் சுமக்க வேண்டும். போர்டு, எல்சிடி, ரிலே, வைஃபை எல்லாம் சேர்ந்து 250 மில்லி ஆம்பியர் இழுத்தால் 2.6 வாட் வெறும் சூடாகிறது. ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாத 7805 ஒரு வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி ஏறும். அதாவது அறை வெப்பத்துக்கு மேல் 170 டிகிரி. டேட்டாஷீட் அனுமதிப்பதோ 125. சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும், ஆறியதும் திரும்ப எழும். டெமோ ஏன் எப்போதும் மூன்று நிமிடத்தில் முடிகிறது என்று இப்போது புரிந்திருக்கும். சென்டரிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். 7805-இன் மேல் விரல் வைக்காதீர்கள், சுட்டுவிடும். சரிசெய்ய ஆகும் செலவு பெரிதில்லை. அந்த டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் போட்டால் போதும்.

அடுத்து வைஃபை. இஎஸ்பி8266 சிப் உள்ள இஎஸ்பி-01 வைஃபை மாட்யூலுக்கு 3.3 வோல்ட் வேண்டும், சிக்னல் அனுப்பும் நொடியில் 300 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். அதை பெட்டியின் மூளையான ஆர்டுயினோ ஊனோ போர்டின் 3.3 வோல்ட் பின்னில் நேராக ஒட்டியிருப்பார்கள். அந்தப் பின்னுக்கு ஆர்டுயினோ சொல்லும் வரம்பு 50 மில்லி ஆம்பியர். கனெக்ட் ஆகும், டேட்டா அனுப்பும்போது ரீசெட் ஆகும், மறுபடி கனெக்ட் ஆகும். போதாக்குறைக்கு ஊனோவின் 5 வோல்ட் டிஎக்ஸ் (அனுப்பும்) ஒயர் நேராக மாட்யூலின் 3.3 வோல்ட் ஆர்எக்ஸில் (பெறும் பின்னில்) போயிருக்கும். நடுவில் ஒரு 1 கிலோ ஓம், ஒரு 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து வோல்டேஜைப் பிரித்திருந்தால் அந்தப் போர்டைச் செய்தவருக்குக் கொஞ்சமாவது அக்கறை இருந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ப்ரோகிராம் கோடுக்குள் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் எழுதியே இருக்கும். கல்லூரி வைஃபையில் லாகின் பக்கம் வந்தால் இந்த மாட்யூலால் உள்ளே போகவே முடியாது. மொபைல் ஹாட்ஸ்பாட் தான் வழி. அதுவும் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் இஎஸ்பி8266 கண்ணுக்கே தெரியாது, 2.4-க்கு மாற்ற வேண்டும். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் "மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி" பட்டனைப் போட மறந்து ரிவ்யூ அறை வாசலில் தவிப்பது வழக்கமான காட்சி.

எஸ்எம்எஸ் அனுப்பும் சிம்800எல் மாட்யூல் இருந்தால் அதில் ஜியோ சிம் போடாதீர்கள். இந்த மாட்யூல் 2ஜி மட்டும், ஜியோவில் 2ஜி கிடையாது. இதைச் சொல்லாமலே பெட்டியைக் கொடுத்துவிடுவார்கள். மாட்யூலில் உள்ள சின்ன எல்இடியைப் பாருங்கள். நொடிக்கு ஒருமுறை மின்னினால் இன்னும் நெட்வொர்க் தேடுகிறது, மூன்று நொடிக்கு ஒருமுறை மின்னினால் பிடித்துவிட்டது. ஏர்டெல் சிம் போட்டும் தேடிக்கொண்டே இருந்தால் குற்றவாளி பவர்தான். இதற்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வேண்டும், டவரோடு பேசும் கணத்தில் 2 ஆம்பியர் வரை உறிஞ்சும். வோல்டேஜைக் குறைக்கும் எல்எம்2596 பக் கன்வெர்ட்டரை 4 வோல்ட்டுக்குத் திருகி, மாட்யூலின் காலுக்குப் பக்கத்திலேயே ஒரு 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்தால் அடங்கும்.

சென்சார்களில் நடப்பது சில்லறைத் திருட்டு, ஆனால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிவிடுவது அதுதான். வெப்பநிலை சென்சார் ரிப்போர்ட்டில் டிஹெச்டி22, போர்டில் டிஹெச்டி11. வெள்ளை நிறம் 22, நீலம் 11. முதலாவது அரை டிகிரி துல்லியம் என்பார்கள், இரண்டாவதுக்குப் பிழையே இரண்டு டிகிரி. எக்ஸாமினர் ரிப்போர்ட்டைத் திறக்காமலே நிறத்தைப் பார்த்துக் கேட்பார். மண் ஈரம் பார்க்கும் இரண்டு கால் முள்கரண்டி சென்சாரில் நேர்மின்சாரம் விடாமல் போய்க்கொண்டிருந்தால் சில வாரங்களில் செம்பு அரித்துவிடும். முதல் ரிவ்யூவில் ஒரு அளவு, கடைசியில் இன்னொரு அளவு. ரீடிங் எடுக்கும்போது மட்டும் ஒரு டிஜிட்டல் பின்னிலிருந்து கரன்ட் கொடுத்து நிறுத்தினால் நெடுநாள் வரும். கோடில் இது இரண்டே வரி. எந்த சென்டரும் அதை எழுதுவதில்லை. பம்ப் ஓடும்போது எல்சிடியில் சீன எழுத்து மாதிரி ஏதாவது வந்தால் பம்ப்புக்கும் போர்டுக்கும் ஒரே சப்ளை என்று பொருள். தனி சப்ளை கொடுத்து, பம்ப்பின் இரு முனைக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்4007 டயோடு போடுங்கள்.

இத்தனையும் கவனக்குறைவு, அல்லது லாப ஆசை. அடுத்தது சுத்தமான மோசடி. சென்சாரின் ஒயரைக் கழற்றுங்கள். திரையில் 31, 32, 30 என்று எண்கள் வந்துகொண்டே இருந்தால், கோடில் இஷ்டத்துக்கு எண்ணைத் தரும் ரேண்டம் ஃபங்ஷன் உட்கார்ந்திருக்கிறது. மெஷின் லேர்னிங் ப்ராஜெக்ட்டில் இதற்கு அண்ணன் ஒருவர் உண்டு: படத்தைப் பார்க்காமல் ஃபைல் பெயரைப் பார்த்து நோய் என்னவென்று சொல்லும் கோடு. இலைப் படத்தின் பெயரை ஏபிசி என்று மாற்றிவிட்டு மறுபடி கொடுத்துப் பாருங்கள். பதில் மாறினால் கணக்கை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இப்போது கோடு. சென்டர் சிப்பில் ஏற்றிக் கொடுக்கும், சோர்ஸ் கேட்டால் "ரிவ்யூ முடிஞ்சதும் மெயில்ல வரும்" என்பார்கள். சிப்பிலிருந்து திரும்பப் படித்தாலும் கிடைப்பது மெஷினுக்கு மட்டும் புரியும் ஹெக்ஸ் ஃபைல்தான், எழுதிய கோடு கிடைக்காது. ஆகவே மீதிப் பணத்துக்கு முன் உங்கள் லேப்டாப்பில், உங்கள் கையால் கம்பைல் செய்து, ஊனோவில் ஏற்றி, ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். எல்சிடியில் வரும் கல்லூரிப் பெயரை மாற்றி ஏற்றிப் பாருங்கள், அதுவே போதுமான சோதனை. லைப்ரரி பதிப்புகளையும் எழுதி வாங்குங்கள். ஆர்டுயினோஜேசன் 5-க்கு எழுதிய கோடு 6-இல் கம்பைல் ஆகாது. பைத்தான் என்றால் இன்னும் மோசம். டென்சர்ஃப்ளோ 1.15 பைத்தான் 3.7-க்கு மேல் இன்ஸ்டாலே ஆகாது, உங்கள் லேப்டாப்பிலோ 3.12 இருக்கும். அவர்கள் கம்ப்யூட்டரில் பிப் ஃப்ரீஸ் கொடுத்து வரும் லைப்ரரி, பதிப்புப் பட்டியலை ஒரு ஃபைலில் வாங்கிக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள். கிளவுட் கணக்கு யார் பெயரில் என்பதையும் பாருங்கள். சென்சார் அளவுகளைச் சேமித்து கிராஃபாகக் காட்டும் திங்ஸ்பீக் தளத்தின் சேனல் அவர்களுடையதாக இருந்தால், அதே சேனலில் வேறு ஊர் டீமின் அளவுகளும் உங்கள் கிராஃபில் வந்து விழலாம். இலவசக் கணக்குத் தொடங்க ஐந்து நிமிடம் ஆகாது, 15 நொடிக்கு ஒரு பதிவு போடலாம், இந்தத் தலைப்புக்கு அது தாராளம்.

ரிப்போர்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வேர்டில் ஃபைல் என்பதைத் தட்டி, இன்ஃபோ பக்கத்தில் ஆசிரியர் பெயரையும் உருவாக்கிய தேதியையும் பாருங்கள். 2019-இல் முளைத்த ரிப்போர்ட்டுக்கு "புதுத் தலைப்பு" என்று காசு வாங்கியிருப்பார்கள். போட்டோவில் வேறு கல்லூரியின் ஐடி கார்டு தெரிந்தால் கூடுதல் அழகு. எம்இ மாணவர்களுக்கு இது சிரிப்பு விஷயமில்லை. யுஜிசியின் 2018 விதிமுறைப்படி பிறர் எழுதியதோடு 10 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் திருத்தி எழுத வேண்டும், 40-ஐத் தாண்டினால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

கூடவே ஒட்டிக்கொண்டு வரும் சரக்கு, "இன்டர்நேஷனல் ஜர்னல் பப்ளிகேஷன்". ஒரே நாளில் ஏற்பு, மறுநாள் சான்றிதழ். "யுஜிசி அப்ரூவ்டு" என்ற முத்திரையைக் காட்டினால் ஏமாறாதீர்கள். யுஜிசி தான் ஏற்கும் ஜர்னல்களின் கேர் பட்டியலையே 2025-இல் கைவிட்டுவிட்டது. ஐஎஸ்எஸ்என் என்பது வெறும் அடையாள எண், தரச் சான்று இல்லை.

அந்த 12,000 ரூபாய்ப் பெட்டியின் பார்ட்ஸை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தனித்தனியாக வாங்கினால் என்ன ஆகும்? குளோன் ஊனோ 450, இஎஸ்பி-01 120, டிஹெச்டி11 80, மண் சென்சார் 50, ரிலே 60, குட்டி பம்ப் 80, ஐ2சி எல்சிடி 220, சிம்800எல் 300, அடாப்டர் 150, ஜீரோ போர்டும் ஒயரும் 150. கடைக்குக் கடை பத்து இருபது மாறும், மொத்தம் 1,700-ஐ ஒட்டி வரும். ஊனோவையும் இஎஸ்பி-01-ஐயும் விட்டுவிட்டு ஒரே இஎஸ்பி32 போர்டு வாங்கினால் மேலே சொன்ன வைஃபை தலைவலி பாதி போய்விடும். அண்ணா பல்கலையின் 2021 ரெகுலேஷனில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு எட்டாவது செமஸ்டர் ப்ராஜெக்ட் 10 கிரெடிட், வாரம் 20 பீரியட். நேரம் இல்லை என்று சொல்ல முடியாத அளவு நேரம் அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள்.

சொந்தமாகச் செய்தால் வேறொரு லாபமும் உண்டு. எக்ஸாமினர்கள் சிலர் கேள்வியே கேட்க மாட்டார்கள். எல்சிடியின் முதுகில் இருக்கும் நீல நிறக் குட்டிப் பெட்டியை ஸ்க்ரூ டிரைவரால் அரைச் சுற்றுத் திருகுவார்கள். எழுத்து மறைந்துவிடும். "என்ன ஆச்சு?" சென்டரில் வாங்கிய டீம், "சார், போர்டு போயிடுச்சு" என்று போனை எடுக்கும். செய்த டீம் அதே ஸ்க்ரூ டிரைவரை வாங்கித் திரும்பத் திருகும், அது எழுத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கான்ட்ராஸ்ட் பொட்டென்ஷியோமீட்டர் என்று அதற்குத் தெரியும்.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டவர்கள், மீதியை ரொக்கமாகக் கொடுக்காமல் யுபிஐயில் கொடுங்கள். என்னென்ன பார்ட்ஸ், சோர்ஸ் கோடு எப்போது, பழுதானால் யார் பொறுப்பு என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். பில் கேளுங்கள். ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் அங்கே போய் "நான் செய்ய வேண்டிய ப்ராஜெக்ட்டை இவர் சரியாகச் செய்து தரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதற்கு எந்த மாணவரும் துணிய மாட்டார் என்பது சென்டர்காரருக்கு நன்றாகத் தெரியும்.