தண்ணீர் பாட்டில் பொருத்தினால் டீசல் மிச்சமாகும் என்றார்கள், 1,850 வெள்ளி போய்விட்டது

இன்று மதியம் அந்தப் பட்டறைக்காரர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அதைப் பார்த்த கையோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். 1,850 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை. பினாங்கு மாநிலத்தில் பிறைப் பக்கம் வண்டிகளுக்கு எண்ணெய் மிச்சக் கருவி பொருத்தித் தரும் இடம் என்று மட்டும் சொல்கிறேன்.

நான் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தினமும் பாலம் தாண்டி பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போகிறவன். ஓட்டுவது பழைய டீசல் பிக்கப். 2024 ஜூன் 10ஆம் தேதி டீசல் ஒரே இரவில் லிட்டர் 2.15இலிருந்து 3.35க்கு ஏறியது. மாதம் 160 லிட்டர் போடுகிறவனுக்கு அது 190 வெள்ளிக்கு மேல் கூடுதல் செலவு. அரசாங்கம் மாதம் 200 வெள்ளி உதவி கொடுத்தாலும், ஸ்டேஷனில் மீட்டர் ஓடுவதைப் பார்க்கும்போது வயிறு எரியத்தான் செய்தது. அந்த எரிச்சலோடு இருந்தவனைத்தான் அவர் பிடித்தார்.

முதலில் தேநீர் வாங்கிக் கொடுத்தார். "அண்ணே, நீங்க எந்தத் தோட்டத்து ஆளு?" என்று கேட்டார். சொன்னேன். தன் அம்மாவும் அங்கேதான் ரப்பர் பால் வெட்டியதாகச் சொன்னார். அப்புறம் என் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, புகைக்குழாய்ப் பக்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு போனார். "சுடுதா? நூறு வெள்ளிக்கு எண்ணெய் போட்டா முப்பத்தஞ்சு வெள்ளிதான் சக்கரத்துக்குப் போகுது. மிச்சமெல்லாம் எரியாமலே இந்த வழியா போயிடுதுண்ணே."

நான் விழுந்தது இந்த இடத்தில்தான். ஏனென்றால் அந்த முப்பத்தைந்து உண்மையான கணக்கு. எங்கோ படித்திருக்கிறேன். ஒரு பாதி சரியாக இருந்ததால் மறு பாதியையும் நம்பிவிட்டேன்.

கருவி என்பது ஒரு லிட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் குப்பி. உள்ளே இரும்புத் தகடுகள், தண்ணீர், ஏதோ ஒரு உப்பு. பேட்டரியிலிருந்து மின்சாரம் போனதும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து குமிழ் குமிழாக வந்தது. அந்தக் குழாயைச் சோப்புத் தண்ணீரில் விட்டு, நுரையில் லைட்டர் வைத்தார். டப் என்று வெடித்தது. இந்த வாயு என்ஜினுக்குள் போனால் வீணாகும் டீசலும் எரிந்துவிடும், 40 விழுக்காடு மிச்சம், பிடிக்காவிட்டால் 30 நாளில் பணம் வாபஸ் என்றார். அங்கேயே நின்று கைப்பேசியில் 1,850 வெள்ளியை மாற்றிவிட்டேன்.

எண்ணெய் போடும் கணக்கை எப்போதும் 555 புத்தகத்தில் (சின்னக் குறிப்புப் புத்தகம்) எழுதி வைப்பது என் பழக்கம். பொருத்துவதற்கு முன்பு லிட்டருக்கு 10 கிலோமீட்டர். பொருத்திய பிறகு முதல் டேங்க் 10.4. சந்தோஷத்தில் வீட்டில் எல்லாரிடமும் காட்டினேன். இப்போது யோசித்தால், அந்த வாரம் முழுக்க மிச்சமாகிறதா என்று பார்க்கவே மெதுவாக மிதித்து ஓட்டியிருக்கிறேன். அடுத்த மூன்று டேங்க் 9.9, 9.7, 9.8.

போன் செய்தேன். "ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும் அண்ணே, என்ஜின் பழகணும்." ஓட்டினேன். "குழாய்த் தண்ணி ஊத்தினீங்களா? சுத்திகரிச்ச தண்ணிதான் ஊத்தணும்." ஊற்றினேன். "நீங்க ஓட்டுற விதம் சரியில்ல." பிறகு முதலாளி ஈப்போ போயிருக்கிறார். பிறகு நீல டிக் மட்டும். 31ஆவது நாள், "முப்பது நாள் முடிஞ்சிருச்சே" என்று ஒரு வரி வந்தது. இன்று அதுவும் இல்லை.

அக்காள் மகள் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவளிடம் சொன்னேன். முதலில் அவள் சொன்னது: "மாமா, டீசல் எரியாம போகல. கிட்டத்தட்ட எல்லாமே எரிஞ்சிடுது. போறது சூடு." எரிந்து வந்த சூட்டில் ஒரு பகுதிதான் வேலையாக மாறுமாம், மீதி புகையோடும் ரேடியேட்டர் வழியாகவும் போகுமாம். சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குச் சூடு பாயும்போதுதான் என்ஜின் வேலை எடுக்க முடியும், அதனால் கொஞ்சம் சூட்டை வெளியே விட்டே ஆகவேண்டும். சாடி கார்னோ என்ற பிரெஞ்சுக்காரர் 1824லேயே இதற்கு அடிப்படை போட்டுவிட்டாராம். தைப்பூசத்துக்கு அன்னதானம் சமைக்கும் கொட்டகையை உதாரணமாகச் சொன்னாள். அண்டா அடுப்பின் சூடு கொட்டகை முழுக்கப் பரவி எல்லாருக்கும் வேர்க்கிறது. பரவிய அந்தச் சூட்டைத் திரட்டி இன்னொரு அண்டா சோறு வேகவைக்க முடியுமா? சக்தி எங்கும் தொலையவில்லை, ஆனால் சிதறிவிட்டது. இப்படிச் சிதறுவதை அளக்கத்தான் கிளாசியஸ் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1865இல் என்ட்ரோபி என்று பெயர் வைத்தாராம்.

அப்புறம் பட்டறை ரசீதின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டாள். 100 வெள்ளி டீசல். என்ஜின் அதில் 35 வெள்ளியை வேலையாக்குகிறது. அந்த 35ஐ அப்படியே வண்டியில் மின்சாரம் எடுக்கும் ஆல்டர்னேட்டருக்குக் கொடுத்தால் மின்சாரமாக வருவது 21. குப்பியில் அது வாயுவாகும்போது 12 அல்லது 13. அந்த வாயுவைத் திரும்ப என்ஜினில் எரித்தால் 4 வெள்ளி சொச்சம். "தண்ணிங்கிறது எரிஞ்சு முடிஞ்ச ஹைட்ரஜன் மாமா. சாம்பல் மாதிரி. அதைத் திரும்ப விறகாக்கணும்னா விறகு குடுத்த சூடு மொத்தத்தையும் திருப்பிக் குடுக்கணும்." 4க்குக் கீழே இரண்டு கோடு இழுத்தாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இந்த ஐந்து நிமிடக் கணக்கு முன்பே தெரிந்திருந்தால் 1,850 வெள்ளி என் மகளின் பள்ளிச் செலவுக்கு இருந்திருக்கும்.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. தண்ணீர்க் குப்பி, எண்ணெய்க் குழாயில் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை, எதுவானாலும் வாங்காதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட 100க்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்து, குறிப்பிடும்படி எண்ணெய் மிச்சமாக்கும் ஒன்றையும் காணவில்லை. டயர் காற்றைப் பாருங்கள், மெதுவாக ஓட்டுங்கள், என் முதல் டேங்கே சாட்சி. பணம் வாபஸ் என்றால் எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போகவேண்டும். நாளைக்கு அரை நாள் லீவு போட்டிருக்கிறேன். ரசீது, வாட்ஸ்அப் செய்திகள், 555 புத்தகம் மூன்றையும் நகல் எடுத்தாயிற்று.

காற்றுக் குழாயில் அவர் போட்ட ஓட்டையை அடைத்து, ஒயரைப் பிடுங்கி எடுக்க வேறொரு பட்டறையில் 120 வெள்ளி கேட்டிருக்கிறார்கள். அதையும் மனுவில் சேர்க்கப் போகிறேன்.