காற்றா, தண்ணீரா: கம்ப்யூட்டர் பிராசஸருக்கு எந்தக் கூலர்?

கேம் மட்டும் ஆடுபவர் என்றால் என் ஓட்டு ஏர் கூலருக்கே. ஏஎம்டியின் ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசஸரின் டிடிபி, அதாவது கூலர் வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் அளவு, 120 வாட்தான். அதற்கு நல்ல ஏர் கூலர் தாராளம். ஃபேன் பழுதானால் அதை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் பெரிய மாடல்கள் 160 மி.மீ. உயரத்தைத் தொடும், கேபினட்டை முதலில் அளந்துவிடுங்கள்.

இன்டெலின் கோர் ஐ9-14900கே பிராசஸர் வேறு ரகம். 253 வாட் வரை இழுக்கும். மணிக்கணக்கில் வீடியோ ரெண்டரிங்கும் செய்வதானால் 360 மி.மீ. ரேடியேட்டர் (சூடான திரவத்தை ஆறவைக்கும் பகுதி) உள்ள லிக்விட் கூலர் கைகொடுக்கும். ரேடியேட்டரை கேபினட்டின் மேல்பக்கம் பொருத்துங்கள், காற்றுக்குமிழிகள் அங்கேயே தங்கும், திரவத்தைச் சுற்றவிடும் பம்புக்குள் வராது. பம்ப் நின்றுவிட்டால் பெரும்பாலும் மொத்த கூலரையும் மாற்ற வேண்டியதுதான்.