கிளிநொச்சியிலிருந்து ரொறன்ரோ வரை: கிற்றார் பெடல்களுக்கு எந்தப் பவர் சப்ளை?

கிற்றாரின் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் சின்னப் பெட்டிதான் பெடல். அதற்கு மின் தரும் அடப்டரின் முதுகில் ‘இன்புட்’ என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதில் 100–240 வோல்ற், 50/60 ஹேர்ட்ஸ் என்று அச்சடித்திருந்தால் அது வவுனியாவிலும் ஓடும், ரொறன்ரோவிலும் ஓடும். ட்ரான்ஸ்போமர் வகை அடப்டரில் 230 என்று மட்டும் இருந்தால், கனடாவின் 120 வோல்ற்றில் அது ஏறத்தாழப் பாதி வோல்ற்றைத்தான் தரும். டிஜிற்றல் டிலே (எதிரொலி) பெடல் ஒருமுறை விளக்கை மினுக்கிவிட்டு நின்றுவிடும். 120 என்று மட்டும் இருந்தால் கதை மறுவளம். கனடாவிலிருந்து மாமாவோ சித்தியோ வாங்கி அனுப்பிய பெடலோடு வந்த அடப்டரை முல்லைத்தீவில் சுவரில் கொழுவினால் அது கருகுவதற்கு அதிக நேரம் எடுக்காது. பிளக்கின் வடிவத்தை மாற்றும் சின்னப் பெட்டி வோல்ற்றை மாற்றாது என்பது பலருக்கு அந்தப் புகையோடுதான் விளங்குகிறது.

வன்னியிலிருந்து வெளிநாட்டு மேடைக்குப் போகும் குழுவின் கிற்றார்காரருக்கு நாலு வழி உண்டு: கையிலிருக்கும் அடப்டரோடு ஒரு வோல்ற்மாற்றிப் பெட்டி, 100–240 அடப்டர் ஒன்றும் டெய்சி செயின் கேபிளும் (ஒரு அடப்டரிலிருந்து பல பெடலுக்குக் கிளை பிரிவது), ஒவ்வொரு வாயும் தனித்தனியாகப் பிரிந்த பவர் சப்ளை, பற்றரி அல்லது பவர் பாங்க். எங்கள் தெரிவு மூன்றாவது. பெடல் நாலைத் தாண்டாதென்றால் இரண்டாவதே போதும், மிச்சக் காசைக் கேபிளில் போடலாம்.

முதலில் கணக்கு. ஒவ்வொரு பெடலுக்கும் எத்தனை மில்லி அம்பியர் வேண்டும் என்பது அதன் அடியிலோ கையேட்டிலோ இருக்கும். அனலொக் ஓவர்ட்ரைவ், டிஸ்ரோசன் வகை (ஒலியைக் கரகரப்பாக்குபவை) பெரும்பாலும் 20க்குள் அடங்கும். டிஜிற்றல் டிலே 50 முதல் 100 வரை. பெரிய ரிவேர்ப் பெடல்கள் 250–300 கேட்கும். சுருதி பார்க்கும் ரியூனர் 40, டிஸ்ரோசன் 15, கோரஸ் 25, டிலே 75, ரிவேர்ப் 300 என்று ஒரு போட் (பெடல்களை அடுக்கும் பலகை) இருந்தால் மொத்தம் 455. சப்ளையின் அளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இழுக்காமல் பார்த்தால் சூடாகாது. இந்தப் போட்டுக்கு 700க்கு மேல் தரும் சப்ளை வேண்டும். அம்பியர் கூடினால் தீங்கில்லை, பெடல் தனக்கு வேண்டியதை மட்டுந்தான் எடுக்கும். வோல்ற் கூடினால்தான் பெடல் சாகும்.

அடுத்தது முனை, அதாவது பிளக்கில் நெகற்றிவ் எங்கே, பொசிற்றிவ் எங்கே என்பது. பெடல் உலகின் வழக்கம் 9 வோல்ற் டிசி (நேரோட்டம்), நடு ஊசி நெகற்றிவ். யமஹா கீபோட்டின் பிஏ-150 அடப்டர் 12 வோல்ற், நடு ஊசி பொசிற்றிவ். அவசரத்தில் கீபோட்காரரின் அடப்டரை இரவல் வாங்கிக் கொழுவுவது இரட்டைப் பிழை. பெடலுக்குள் பாதுகாப்பு டயோட் இருந்தால் அது தன்னைக் கொடுத்துப் பெடலைக் காப்பாற்றும். இல்லாவிட்டால் பெடலே போகும். குழுவிலுள்ள எல்லா அடப்டர்களிலும் உரியவரின் கருவிப் பெயரைப் பெயின்ற் பேனையால் எழுதி வைப்பது மலிவான காப்புறுதி.

இனி வோல்ற்மாற்றிப் பெட்டி. 120ஐ 230 ஆக்கும் பெட்டி கடையில் கிடைக்கும். 18 வாற் அடப்டருக்கு 100 விஏ (வோல்ற்-அம்பியர்) பெட்டியே தாராளம். ஆனால் அது இரும்பும் செம்பும். பயணப் பொதியில் எடையைத் தின்னும். இவற்றில் பெரும்பாலானவை ஓட்டோ ட்ரான்ஸ்போமர், அதாவது உள்வரும் பக்கத்துக்கும் வெளிவரும் பக்கத்துக்கும் இடையே மின்பிரிப்பு இல்லை. வோல்ற்றை மாற்றினாலும் ஹேர்ட்ஸை மாற்றாது. 230 வோல்ற் 50 ஹேர்ட்ஸ் அடப்டரைக் கனடாவின் 60 ஹேர்ட்ஸில் ஓட்டுவதில் சிக்கலில்லை. மறுபக்கம் அப்படியல்ல: 120 வோல்ற் 60 ஹேர்ட்ஸ் அடப்டரை இங்கே வோல்ற் இறக்கி ஓட்டினால், அதிர்வெண் குறைவதால் இரும்பு உள்ளகத்தின் காந்தப்பாயம் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. மலிவான அடப்டரில் அதைத் தாங்க இடம் இருக்காது. மூன்று மணி நேரக் கச்சேரியில் தொடமுடியாத சூடு ஏறும். இதைவிட ஆபத்தானது, தலைமுடி உலர்த்தும் கருவிக்கென 1600 வாற் என்று விற்கும் இலேசான ‘ட்ரவல் கொன்வேட்டர்’. அது மின்னலையை வெட்டித் தருகிறது, இலத்திரனியல் அடப்டருக்கு ஆகாது.

அப்படியென்றால் பெட்டிக்கு வேலையே இல்லையா? ஒரு இடத்தில் உண்டு. டிஜிடெக் வாமி 4 போன்ற பெடல்கள் 9 வோல்ற் ஏசி (ஆடலோட்டம்) கேட்பவை. டிசி சப்ளை எதுவும் அவற்றுக்கு ஈடாகாது. அவற்றுக்குப் பெட்டியைத் தூக்கு, அல்லது போகிற நாட்டில் அந்த நாட்டு ஏசி அடப்டரை வாங்கு. வாங்குவதுதான் நல்லது. மூன்றாவது வழி, அந்தப் பெடலை வீட்டில் விட்டுவிட்டுப் போவது.

டெய்சி செயின் வழிக்குப் பேர்போனது ட்ரூடோன் வன் ஸ்பொட்: 9 வோல்ற், 1700 மில்லி அம்பியர், 100–240. மேலே சொன்ன ஐந்து பெடலையும் அளவில் அது இலேசாகத் தாங்கும். அளவு சரி, இரைச்சல்தான் கேள்வி. ஒரே அடப்டரின் நெகற்றிவ் எல்லாப் பெடலுக்கும் போகிறது. ஒலிக் கேபிளின் ஷீல்டும் அதே பெடல்களை மறுபடி இணைக்கிறது. இந்த வட்டத்துக்குள் டிஜிற்றல் பெடலின் கடிகாரத் துடிப்பு புகுந்தால், டிஸ்ரோசன் அதை நூறு மடங்கு பெருக்கி நுளம்பு இரைவதுபோல் ஸ்பீக்கரில் தரும். பரிகாரம் எளிது: டிஜிற்றல் பெடல்களை இரண்டாவது அடப்டருக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் அதோடு சத்தம் அடங்கும். பொசிற்றிவ் தரையுள்ள (பொசிற்றிவ் முனையையே உடம்போடு இணைத்த) பழைய ஜேர்மானியம் ஃபஸ் பெடல் இருந்தால் அதைச் செயினில் கொழுவவே கூடாது, சப்ளை ஷோர்ட் ஆகும்.

செயினில் பலர் கவனியாத ஆபத்து இன்னொன்று. நடு ஊசி நெகற்றிவ் என்றால் வெளி உலோக வளையம் பொசிற்றிவ். பாவிக்காமல் தொங்கும் முனை அலுமினியப் போட்டிலோ பெடலின் உடம்பிலோ முட்டினால் ஷோர்ட். மேடையில் எல்லாப் பெடலும் ஒன்றாக அணையும். தொங்கும் முனைகளுக்கு இன்சுலேஷன் ரேப் சுற்றுங்கள்.

பிரிந்த வாய்கள் கொண்ட சப்ளையில் இந்தத் தலையிடி கிடையாது. ஸ்ட்ரைமன் ஸூமாவில் ஒன்பது வாய்கள், ஒவ்வொன்றும் 500 மில்லி அம்பியர். சியொக்ஸ் டிசி7இல் ஏழு வாய்கள், 9, 12, 15, 18 வோல்ற் தெரிவோடு. இரண்டும் 100–240. ட்ரூடோன் சிஎஸ்7உம் அப்படியே. விலை கூடியவைதான். ஆனால் கணினிக்கும் அரிசிக்குக்கருக்கும் கொழுவும் மூன்று குழி ஐஇசி கேபிள் ஏற்கும் சப்ளையைத் தெரிந்தால் பிளக் மாற்றியே வேண்டாம். ஒஸ்லோவிலோ பாரிஸிலோ மண்டபச் சவுண்ட்காரரிடம் அந்தக் கேபிள் கட்டாயம் இருக்கும். அந்நாட்டுப் பிளக்கோடும் ஏர்த்தோடும் இருக்கும்.

அதே ஐஇசி குழியில்தான் பொறியும் இருக்கிறது. வூடூ லாப் பெடல் பவர் 2 பிளஸ் ட்ரான்ஸ்போமர் வகை, நல்ல அமைதியான சப்ளை. 120 வோல்ற் சந்தைக்கென விற்ற பிரதியிலும் அதே குழி. கேபிள் நுழைகிறது என்று 230இல் போட்டால் முடிந்தது. இரண்டாங்கையாகக் கனடாவிலிருந்து வருபவை பெரும்பாலும் 120 பிரதிகள்.

‘ஐசொலேற்றட்’ (பிரிந்த வாய்கள்) என்று பெட்டியில் எழுதிய மலிவு இறக்குமதிகள் சில அப்படியல்ல. சோதிக்க மல்ரிமீற்றர் போதும். சப்ளையைச் சுவரிலிருந்து கழற்றி, மீற்றரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு வாயின் நடு ஊசியையும் அடுத்த வாயின் நடு ஊசியையும் தொடுங்கள். பீப் சத்தம் கேட்டால் அது உடுப்பு மாற்றிய டெய்சி செயின்.

பவர் பாங்க்கைப் பொறுத்தவரை, அது துணைக்கு. 20,000 மில்லி அம்பியர் மணி, அதாவது 20 அம்பியர் மணி என்றால், செல்லின் வோல்ற்றான 3.7ஆல் பெருக்க 74 வாற்மணி. மாற்றத்தில் போவது போக, 9 வோல்ற்றில் அரை அம்பியர் இழுக்கும் போட் பன்னிரண்டு மணி நேரமளவில் ஓடும். ஊரில் திருவிழா மேடையில் இன்ஜின் நின்றாலும் ரியூனர் நிற்காது என்பது கூடுதல் இலாபம். கவனிக்க வேண்டியவை: பவர் பாங்கிடம் 9 வோல்ற் கேட்டு வாங்கும் யூஎஸ்பி பிடி ட்ரிகர் கேபிள்கள் பெரும்பாலும் நடு ஊசி பொசிற்றிவ், முனை மாற்றும் துண்டு ஒன்று வேண்டும். 9, 12, 15, 20 என்று தட்டி மாற்றும் கேபிளை வாங்காதீர்கள். இருட்டில் கை பட்டு 20 ஆனால் போட் முழுவதும் போகும். 9க்கு மட்டும் பூட்டியதை வாங்குங்கள். ஒரு சின்ன ஓவர்ட்ரைவ் மட்டும் கொழுவினால் இழுவை போதாமல் பவர் பாங்க் தானாக நித்திரைக்குப் போகும். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்குப் பொதியில் போடக்கூடாது. 100 வாற்மணி வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை, 100–160க்கு விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும்.

சுவரில் கொழுவும் இடத்துக்கு வருவோம். லண்டன், சிங்கப்பூர், மலேசியா போவோருக்கு இலங்கையில் இப்போது பரவும் சதுர மூன்று முள் பிளக்கே பொருந்தும். எங்கள் பழைய வட்ட முள் ஐந்து அம்பியர் பிளக் சென்னையில் நேராக நுழையும். ஜேர்மனியும் நோர்வேயும் ஒரே வகை, பிரான்சில் ஏர்த் முள் சொக்கற்றிலிருந்து வெளியே நீட்டி நிற்கும். இரண்டுக்கும் பொருந்தும் வார்ப்புப் பிளக் உள்ள கேபிளை வாங்கினால் ஒன்று போதும். ஆனால் அது சுவிற்சர்லாந்தில் நுழையாது. அங்கே சொக்கற் குழி சிறியது, அறுகோணமானது, தனி மாற்றி வேண்டும். அவுஸ்திரேலியாவும் தனி.

மாற்றி வாங்கும்போது ஏர்த் தொடர்பு உண்டா என்று பாருங்கள். இரண்டு முள் பயண மாற்றிகளில் அது இராது. அம்பிளிஃபயருக்கு ஏர்த் போகாவிட்டால் கிற்றார் கம்பிக்கும் ஏர்த் இல்லை. மைக்கில் உதடு படும்போது அடிக்கும். கம்பிக்கும் மைக்கின் வலைக்கும் இடையே மீற்றரை ஏசி வோல்ற்றில் வைத்து அளந்து, சில வோல்ற்றுக்கு மேல் காட்டினால் வாசிக்கத் தொடங்காதீர்கள். உறுமல் போக ஏர்த் முள்ளை வெட்டுவதும், சதுர சொக்கற்றின் ஏர்த் குழியில் பேனையைக் குத்தி இரண்டு முள்ளைச் செருகுவதும் ஊரில் கை வந்த வேலைகள். வெளிநாட்டு மண்டபத்தில் அதைச் செய்தால் மண்டபக்காரர் கரண்டை நிறுத்திவிடுவார், அவர் செய்வது சரி. உறுமலுக்கு, கருவியை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பெட்டியிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிச் (ஒலிக் கேபிளின் ஏர்த் தொடர்பை மட்டும் துண்டிப்பது) இருக்கிறது. போட்டும் அம்பிளிஃபயரும் ஒரே நீட்டுப் பலகையில் இருந்தால் பாதி உறுமல் அப்படியே போகும்.

பையில் வைக்க வேண்டியவை: சின்ன மீற்றர், உதிரியாக ஒரு 100–240 அடப்டர், முனை மாற்றும் துண்டு இரண்டு, இன்சுலேஷன் ரேப், சதுரப் பிளக்குக்கு 3 அம்பியர் ஃபியூஸ் சில. ரியூனருக்கும் ஓவர்ட்ரைவுக்கும் ஒவ்வொரு 9 வோல்ற் அல்கலைன் பற்றரி. சப்ளை முழுதாகப் போனாலும் அந்த இரண்டோடு கச்சேரி முடிக்கலாம்.