ஸ்டீரியோ படம் எடுப்பவர்களே, 4,720 ரூபாயை என்னைப் போல இழந்துவிடாதீர்கள்

நேற்று இரவு 11 மணிக்கு வந்த பதில்: "பணம் திரும்பத் தர இயலாது." தூக்கம் வரவில்லை, அதனால் இப்போதே எழுதுகிறேன். ஸ்டீரியோ படம் என்றால் இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று என்று இரண்டு படம் எடுத்து, சேர்த்துப் பார்க்கும்போது ஆழம் தெரிவது. அந்த இடது, வலது படங்களைத் தானே நேர்செய்து தரும் என்று விற்கும் ஒரு சாஃப்ட்வேருக்கு வரியோடு 4,720 ரூபாய் கட்டினேன். வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

மாமல்லபுரம் ஐந்து ரதங்களில் நிற்கும் கல் யானையை ஃபோனில் எடுத்திருந்தேன். துதிக்கை என்னிடமிருந்து 3 மீட்டர் இருக்கும். பொருள் இருக்கும் தூரத்தில் 30-ல் ஒரு பங்கு பக்கவாட்டில் நகர வேண்டும் என்ற கணக்குப்படி 10 சென்டிமீட்டர் நகர்ந்து இரண்டாவது படம். கையில் பிடித்து எடுத்தால் ஃபோன் சாயும், ஏறி இறங்கும். அந்தச் சாய்வையும் உயரத்தையும் ஒத்துப்போக வைப்பதுதான் இந்த சாஃப்ட்வேரின் ஒரே வேலை. பக்கவாட்டு வித்தியாசம் நமக்கு ஆழமாகத் தெரியும். மேல்கீழ் வித்தியாசம் இருந்தால் கண் வலிதான்.

ட்ரயலில் அவர்கள் கொடுத்த மாதிரிப் படங்களை மட்டுமே திறக்க முடிந்தது. எல்லாம் கச்சிதமாக இருந்தன. எனக்குச் சந்தேகம் வந்து சாட்டில் கேட்டேன். "உங்கள் படத்தையே அனுப்புங்கள் சார், செய்து காட்டுகிறோம்" என்றார் சாட்டில் பேசிய பெண். யானையை அனுப்பினேன். நாற்பது நிமிடத்தில், ஒன்று சிவப்பிலும் மற்றது நீலத்திலுமாகச் சேர்ந்த ஒரே படமாகத் திரும்பி வந்தது. சிவப்பு-நீலக் கண்ணாடி போட்டுப் பார்த்தால், துதிக்கை திரையை விட்டு வெளியே நின்றது! என் அம்மாவும் போட்டுப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். அந்த நிமிடம்தான் நம்பினேன். உடனே பணம் கட்டினேன்.

கட்டிய பிறகு அதே இரண்டு படங்களை நானே போட்டேன். சிவப்புத் துதிக்கை மேலே, நீலத் துதிக்கை விரல் அகலம் கீழே. பன்னிரண்டு ஜோடி போட்டுப் பார்த்தேன், ஒன்றுகூடத் தேறவில்லை. எனக்கு அனுப்பியதை யாரோ கையால் சரிசெய்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கேட்டதற்கு முதலில் "ட்ரைபாட் வைத்து எடுத்தீர்களா சார்?" என்றார்கள். ட்ரைபாட் இருந்தால் எனக்கு இது எதற்கு? அடுத்த நாள், சாய்வு திருத்தம் உயர்ந்த பதிப்பில்தான் உண்டாம், இன்னும் 3,000 ரூபாயாம். வாங்கும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்புறம், சாஃப்ட்வேரின் லைசென்ஸ் கீயைப் போட்டுத் திறந்துவிட்டதால் பணம் வராது என்றார்கள். நேற்றோடு சாட்டும் மூடிவிட்டது. 4,720 ரூபாய் போனது போனதுதான்.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர் ஸ்டீரியோஃபோட்டோ மேக்கர் என்று ஒன்றைச் சொன்னார். ஜப்பான்காரர் மசுஜி சுடோ எழுதியது, விண்டோஸில் ஓடும், முழுக்க இலவசம். ஆட்டோ அலைன்மென்ட்டைத் தட்டினேன். அதே யானை, அதே இரண்டு படங்கள். துதிக்கை ஒன்றாகிவிட்டது. ஓரத்தில் கொஞ்சம் வெட்டுப்பட்டது, அவ்வளவுதான்.

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. உங்கள் சொந்தப் படத்தை உங்கள் கம்ப்யூட்டரிலேயே திறக்க விடாத ட்ரயலை நம்பாதீர்கள். அவர்கள் செய்து அனுப்புவதைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். கீயைப் போடும் முன் ரீஃபண்ட் விதியைப் படியுங்கள். சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நான் முதல் நாள் பேச்சை எடுக்கவில்லை. காலையில் 1915-க்கு, நுகர்வோர் உதவி எண்ணுக்கு, கூப்பிடப் போகிறேன்.